எலக்ட்ரோமீட்டர் இருக்கிறது, கேபிள் இல்லை: கொள்முதல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் கல்லூரியின் கொள்முதல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கும் எலக்ட்ரோமீட்டருக்கு, அதாவது மிகப் பெரிய மின்தடைகளை அளக்கும் கருவிக்கு, ட்ரையாக்சியல் கேபிள் (இரண்டு உலோக உறைகள் கொண்ட கேபிள்) கேட்டு அனுப்பிய கோப்பு போன வாரம் மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. காரணமும் பழையதுதான்: உள்ளூர்க் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கேபிள் கிடைக்கும்போது இதற்கு எதற்கு இவ்வளவு விலை? அந்தக் கடை கேபிளும் அடாப்டரும் ஏற்கெனவே வாங்கித் தந்தீர்கள். அதை வைத்துக்கொண்டுதான் இன்றுவரை காலம் தள்ளுகிறோம்.

எப்படித் தள்ளுகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சித்திரை வெயிலில் வேலூர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எம்.எஸ்சி. இறுதியாண்டு ப்ராஜெக்ட் அளவீடுகள் அந்த நாட்களில்தான் நடக்கின்றன. அளக்கும் முன் மின்விசிறியை நிறுத்துகிறோம், கதவு சன்னல் எல்லாவற்றையும் மூடுகிறோம். பிள்ளைகள் வியர்வை வழிய, மேசையை விட்டுத் தள்ளி, அசையாமல் நிற்கிறார்கள். கேபிள் லேசாக ஆடினாலே அதன் உள்ளே உராய்வினால் மின்னூட்டம் உண்டாகி, திரையில் எண் தாறுமாறாகக் குதிக்கிறது. இப்படி அளந்த ஒரு மாணவிக்கு, ஒரே பாலிமர் பிலிமின் மின்தடை காலையில் ஒன்றும் மாலையில் அதில் பத்தில் ஒரு பங்குமாக வந்தது. வைவாவில் வெளித்தேர்வாளர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். மாதக்கணக்கில் உழைத்த பெண் பதில் இல்லாமல் நின்றாள். அவள் பிலிமில் குறை இல்லை, அவள் கையிலும் குறை இல்லை. தேர்வாளர் கேட்டதும் நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்த அறையில் இல்லை.

விலை வித்தியாசம் எதற்கு என்று கேட்டீர்கள். பிலிமின் மின்தடை லட்சம் கோடி ஓம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் ஒரு சிறிய நிலையான மின்னோட்டத்தைச் செலுத்தி, எழும் மின்னழுத்தத்தை எலக்ட்ரோமீட்டர் படிக்கிறது. கேபிளின் காப்பும், அதாவது கம்பியைச் சுற்றிய மின்கடத்தாப் பொருளும், ஒரு மின்தடைதான். அது பிலிமுக்குப் பக்க இணைப்பாக நிற்கிறது, செலுத்திய மின்னோட்டம் அதன் வழியாகவும் கசிகிறது. அந்தக் காப்பு பத்தாயிரம் கோடி ஓம்தான் என்றால், கருவி காட்டுவது ஏறத்தாழ ஒன்பதாயிரம் கோடி. அப்போது நாம் அளப்பது பிலிமை அல்ல, கேபிளை. ட்ரையாக்சியல் கேபிளில் நடுக்கம்பிக்கும் வெளி உறைக்கும் இடையே இன்னொரு உலோக உறை உண்டு. அதை 'கார்டு' (guard) என்பார்கள். நடுக்கம்பியில் இருக்கும் மின்னழுத்தத்தையே அதற்கும் கருவி கொடுக்கிறது. இரண்டுக்கும் நடுவே அழுத்த வேறுபாடு இல்லையென்றால் கசிவதற்கு வழியே இல்லை. நல்ல கேபிள்களில் உராய்வு மின்னூட்டத்தைக் குறைக்க கிராஃபைட் பூச்சும் இருக்கும். விலை இதற்குத்தான்.

மல்டிமீட்டர் போதாதா என்று உங்களில் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். வோல்ட் அளக்கும்போது சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை ஒரு கோடி ஓம்தான். எலக்ட்ரோமீட்டருக்கு அது கோடி கோடி ஓமுக்கு மேல். இந்த வேலைக்கு இரண்டும் ஒன்றல்ல. ஆகவே திரும்பவும் கேட்கிறேன்: கேபிளை வாங்கித் தாருங்கள். கூடவே மாதிரியை உள்ளே வைத்து மூட ஓர் உலோகப் பெட்டியும் வேண்டும்.

இது ஏட்டுப் படிப்புக்கான ஆசை மட்டும் அல்ல. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் பாதுகாப்புக் காலணி செய்பவர்கள், 'ஆன்டிஸ்டேட்டிக்' (உடலில் நிலைமின்சாரம் சேராமல் வடியவிடுவது) என்று முத்திரை வேண்டுமானால் அதன் மின்தடை 1 லட்சம் ஓமுக்கும் 100 கோடி ஓமுக்கும் இடையே இருப்பதைச் சோதித்துக் காட்ட வேண்டும். ராணிப்பேட்டை பெல் (BHEL) ஆலையில் செய்யும் சாம்பல் பிடிப்பான்களுக்கோ, அதாவது புகையில் வரும் சாம்பலுக்கு மின்னூட்டம் கொடுத்துத் தகட்டில் பிடிக்கும் சாதனங்களுக்கோ, சாம்பலின் மின்தடைதான் உயிர்நாடி. அது மிதமிஞ்சினால் தகட்டில் படிந்த சாம்பலின் மின்னூட்டம் வடியாமல் தேங்கி, பிடிக்கும் திறனே விழுந்துவிடும். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் மருத்துவமனைகளில், கதிரின் அளவைச் சரிபார்க்கும் அயனி அறையோடு (கதிர் பட்டால் நுண்ணிய மின்னோட்டம் தரும் சிறு கலம்) இணைத்திருப்பதும் எலக்ட்ரோமீட்டர்தான். பழைய வட ஆற்காட்டுப் பிள்ளைகளுக்கு வேலை இருக்கும் இடங்கள் இவை.

இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நுழைவாயில் வளைவுக்குப் பணம் இருந்தது, விழா மேடைக்கும் இருந்தது. இந்தக் கருவி வந்த அன்று குத்துவிளக்கு ஏற்றிப் படம் எடுத்துக்கொண்டோம், அந்தப் படம் இன்னும் விளம்பரக் கையேட்டில் இருக்கிறது. கருவியைக் காட்டிச் சேர்க்கை நடத்திவிட்டு, சேர்ந்த பிள்ளைக்கு அதை முழுதாகப் பயன்படுத்தத் தராமல் இருப்பது சரியில்லை. கட்டணம் கட்டிய பெற்றோரிடம் இதை எந்த முகத்தோடு சொல்வது?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். உங்கள் மேசையில் குவியும் கோப்புகளும் தணிக்கைக்காரர்களின் கேள்விகளும் எனக்குத் தெரியாதவை அல்ல. மூன்று நிறுவனங்களின் விலைப்புள்ளிகளோடு கோப்பை மீண்டும் அனுப்பியிருக்கிறேன். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் ஈரப்பதம் வேறு சேர்ந்துகொள்ளும், அதற்குள் கேபிள் வந்தாக வேண்டும். முடிவெடுக்கும் முன் ஒருமுறை ஆய்வகத்துக்கு வாருங்கள். இரவல் வாங்கியாவது ஒரு ட்ரையாக்சியல் கேபிளைக் கொண்டுவந்து, ஒரே பிலிமை இரண்டு கேபிளிலும் உங்கள் முன்னால் அளந்து காட்டுகிறேன்.

பணிவுடன்,
ஆய்வகப் பொறுப்பாசிரியர்,
இயற்பியல் துறை, வேலூர்