கொழிஞ்சாம்பாறை வாசகசாலைக்காக நின்றவர்களுக்கு

மண்கல்லில் நாங்கள் கட்டும் வாசகசாலை வேலைக்கு விழுந்திருந்த தடை நீங்கிவிட்டது என்று போன் வந்ததிலிருந்து கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் பாலக்காட்டுச் சித்தூர் தாலூகா முழுக்கப் பேசித் தீர்த்த கதை. அதைக் கிளற எனக்கு மனமில்லை. வாசகசாலைச் சுவர்கள் நிற்கின்றன, வேலை மறுபடி ஆரம்பித்துவிட்டது. இப்போதைக்கு அது போதும்.

மண்கற்களைச் சோதித்து அறிக்கை கொடுத்த பேராசிரியர்கள், பீஸ் வாங்காமல் வாதாடிய வக்கீலண்ணன், கையெழுத்துக்காக வேலந்தாவளம் வரை வீடு வீடாக ஏறி இறங்கிய பிள்ளைகள், கூலி பாக்கி நின்றும் வேறு வேலைக்குப் போகாத மேஸ்திரியும் அவர் ஆட்களும், உங்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். நீங்கள் செய்தது ஊருக்கே தெரியும்.

எதிர்வீட்டு அக்கா செய்தது பலருக்குத் தெரியாது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

வேலை நின்றபோது சுவர்களுக்குக் கூரை ஏறவில்லை. எடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, வாசலுக்கு வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் யாரும் மனைக்குள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. இந்த மண்கல் சூளையில் வேகாதது. மண்ணில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு வரை சிமெண்ட் கலந்து மெஷினில் அழுத்தி, சில வாரம் ஈரம் காயாமல் வைத்துப் பக்குவப்படுத்துவோம். பக்கவாட்டில் அடிக்கிற சாரலை அது தாங்கும். மூடாத சுவரின் உச்சியில் விழுகிற தண்ணீர்தான் எமன். இணைப்புகள் வழியாக உள்ளே இறங்கி மண்சாந்தைக் கரைத்துவிடும். பொள்ளாச்சியில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு இடிச் சத்தத்துக்கும் விழித்தேன்.

மழை வெறித்த ஒரு காலையில் வேலிக்கு வெளியே நின்று பார்த்தால், எல்லாச் சுவருக்கும் தலையில் முடைந்த தென்னங்கீற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்குப் பறக்காமல் இரண்டு பக்கமும் கயிற்றில் கல் கட்டித் தொங்கவிட்டிருந்தது. கீற்று எட்டாத மூலையில் ஒரு நீலத் தார்ப்பாய். அது அக்கா வீட்டு வைக்கோல் போர் மேல் கிடந்தது. போர் இப்போது கறுத்து, ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"ஏங்க்கா இப்படிப் பண்ணுனீங்க, மாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"அடுத்த அறுப்புக்கு வைக்கோல் வந்துரும் கண்ணு. மண்ணுச் செவுரு தல நனஞ்சா ஒக்காந்துருமே, பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்கறது?"

அவர் பிறந்தது மண்வீட்டில். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் அம்மாவோடு சேர்ந்து சுவருக்குக் கீற்று வேய்ந்தவர். நான் திருவனந்தபுரத்தில் படித்தபோது கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தைப் பார்த்துத்தான் இந்தக் கட்டிடத் தொழிலுக்குள் வந்தேன். செங்கலை நிறுத்தி வைத்து நடுவில் வெற்றிடம் விட்டால் ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சமாகும், வெயிலும் உள்ளே இறங்காது என்று அவர் வழியில் கற்றுக்கொண்டேன். வீட்டுக்கு வேண்டிய பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி தன்னிடம் சொன்னதாக பேக்கர் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த ஐந்து மைலுக்குள் மண்ணும் கல்லும் மட்டுமா கிடைக்கின்றன? சுவரின் குணம் தெரிந்த இப்படி ஒரு அக்காவும் கிடைக்கிறார்.

இனி நான் போடும் எந்த எஸ்டிமேட்டிலும், கூரை ஏறும்வரை சுவரை மூடும் செலவு தனி வரியாக இருக்கும். கீற்று முடைபவருக்கு மேஸ்திரிக்குக் கொடுக்கும் அதே கூலி. அக்கா வீட்டுக்கு இரண்டு வண்டி வைக்கோல் சொல்லிவிட்டேன். வாங்க மாட்டேன் என்கிறார், நீங்களும் சேர்ந்து சொல்லுங்கள்.

ஓடு அடுத்த வாரம் ஏறுகிறது. அது முடிந்ததும் உள்சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். ஒரு நாள் கை கொடுக்க முடிந்தவர்கள் மேஸ்திரியிடம் பெயர் சொல்லிவிடுங்கள்.