அம்மாட கண்ணும் உன்ர கண்ணும்

மச்சான்,

கண் சோதிச்சதில உனக்கு டொரொண்டோவில 20/40, அம்மாவுக்கு இங்க வலது கண் 6/12, ஆருக்கு மோசம் எண்டு கேட்டிருந்தாய். ரெண்டும் ஒண்டுதான்டா! அங்க அடிக்கணக்கு, இங்க மீற்றர்.

மேல இருக்கிறது ஆள் இருக்கிற தூரம், கீழ இருக்கிறது நல்ல கண் உள்ளவர் அதே எழுத்தை எவ்வளவு தூரத்தில நிண்டு வாசிப்பார் எண்டது. அம்மா 6 மீற்றரில வாசிச்சதை மற்றாக்கள் 12 மீற்றரில நிண்டே வாசிப்பினம், அவ்வளவுதான். அவ என்னெண்டா "அரைக்கண் போட்டுது தம்பி" எண்டு ஓர்ஸ்ஹில் வரைக்கும் ஓட்டோவில ஒரே புலம்பல், இது சோதனைப் பேப்பர் மார்க்ஸ் மாதிரி இல்லையணை எண்டு நானும் சொல்லிப் பாத்தன். ஸ்னெலன் எண்ட டச்சு டொக்டர் 1862ல போட்ட கணக்கு, இன்னும் அதுதான் ஓடுது. கண் சோதிக்கிற பலகையில 6/6 வரி எழுத்து ஒரு சென்டிமீற்றர் கூட இல்ல, ஆக மேல இருக்கிற 6/60 எழுத்து அதைவிடப் பத்து மடங்கு.

இடது கண்தான் கதை. வலதால வாசிக்கேக்கயே ஆள் எழுத்தெல்லாம் பாடமாக்கிப்போட்டா, இடதுக்கும் அதையே கடகடவெண்டு ஒப்புவிக்க கிளினிக் மிஸ் சிரிச்சுக்கொண்டு வேற பலகை மாத்தினா, அப்பதான் 6/36 எண்டு தெரிஞ்சுது. பிறகு சின்ன ஓட்டை போட்ட மட்டையைப் பிடிச்சுப் பாக்கச் சொன்னவை, பின்ஹோல் எண்டுறது. அதால பாத்து வலது 6/9க்கு வந்திட்டுது, அப்ப கண்ணாடி மாத்தினாச் சரிவரும். இடது அசையேல்ல, கட்டரக்ட்தான், கண்புரை, எண்டு டொக்டர் சொன்னார். (பலகையே தெரியாட்டி விரல் எண்ணச் சொல்லுவினம், அதுவும் ஏலாட்டி கை அசையிறது, கடைசியா வெளிச்சம் தெரியுதா எண்டு பாத்து அதையும் கார்டில எழுதுவினம். அம்மா அந்தப் பக்கமே போகேல்ல, பயப்பிடாத.)

ஆனா ஒண்டு, வெள்ளைப் பலகையில கறுப்பு எழுத்தை நல்ல வெளிச்சத்தில வாசிக்கிறதைத்தான் அந்த நம்பர் சொல்லும். பின்னேரப் பூசை முடிஞ்சு கோணேசர் கோயிலால இறங்கி வரேக்க எதிர வாற வாகனத்து லைட் கண்ணைக் கூசி அவ என்ர கையை இறுக்கிப் பிடிக்கிறதை எந்த கார்டிலயும் எழுதேல்ல. நீ போன் எடுத்தா நம்பரைக் கேக்காத, இதைக் கேள், அடுத்த கிளினிக்கில டொக்டரிட்ட வாய் திறந்து சொல்லச் சொல்லு. எனக்கு எல்லாம் சொல்லுறா, உள்ள போனா "ஒண்டுமில்ல ஐயா, வடிவாத் தெரியுது" எண்டுறா.

ராசன்
திருகோணமலை