அறுபது வாக்குகளின் முட்டுக்கட்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க நாடாளுமன்றத்தில் மசோதாக்கள் தேங்குவதற்கு இரு கட்சிகளின் பகைமை மட்டுமே காரணம் என்பது பாதி உண்மைதான். அதன் மேலவையான, நூறு பேர் கொண்ட செனட் அவையில், விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குச் செல்லவே பெரும்பாலான மசோதாக்களுக்கு 60 பேரின் ஆதரவு தேவை. இது அரசியலமைப்பில் உள்ள நிபந்தனை அல்ல. அவை தனக்குத் தானே வகுத்துக்கொண்ட விதி. 1917-இல் மூன்றில் இரண்டு பங்கு என்று தொடங்கியதை 1975-இல் ஐந்தில் மூன்றாகத் தளர்த்தினார்கள்.

கட்சி எல்லையைத் தாண்டி வாக்களிப்போர் கணிசமாக இருந்தவரை இவ்விதி சமரசத்துக்கு உதவியது. இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தைத் தென்மாநில ஜனநாயகக் கட்சியினர் வாரக்கணக்கில் பேசித் தடுத்தபோது, குடியரசுக் கட்சியினர் 27 பேர் துணை நின்றதால்தான் தடை உடைந்தது. இன்று அப்படிப்பட்டவர்கள் அருகிவிட்டார்கள். செலவின மசோதாவுக்கு அந்த அறுபது கிடைக்காமல், 2025-இல் அரசுப் பணிகள் 43 நாட்கள் முடங்கின.

விதியை அடியோடு நீக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நீக்கினால், பெரும்பான்மை மாறும்போதெல்லாம் சட்டங்களும் தலைகீழாகும். ஆனால் தடுக்க விரும்புவோர், இப்போதுபோல வாய் திறவாமல் தடுப்பதை விடுத்து, முன்போல அவையில் நின்று பேசித்தான் தடுக்க வேண்டும் என்று விதியைத் திருத்தலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்