யாரைப் பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம்: விதி எழுதுகிறவர்களுக்கு ஒரு மடல்

அடுத்த பெருந்தொற்றுக்கான வழிகாட்டு விதிகளை எழுதப்போகும் பொதுச் சுகாதார அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

2025 மே மாதம் உலக சுகாதார சபையில் பெருந்தொற்று ஒப்பந்தம் நிறைவேறியது. தடுப்பூசியையும் மருந்தையும் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது, புதுக் கிருமி தலைகாட்டினால் நாடுகள் எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்றெல்லாம் அதில் பேசியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் கொரோனா காலத்தில் வீடுகளில் தினமும் எழுந்த கேள்விகள் வேறு. அம்மாவைப் பார்க்கப் போகலாமா? போனால் உள்ளே உட்காரலாமா, வாசலோடு திரும்பிவிட வேண்டுமா? பையனோடு விளையாட வந்த பிள்ளையை என்ன சொல்லி அனுப்புவது? காய்ச்சல் விட்டு நாலு நாள் ஆகிறது, இப்போது வெளியே போகலாமா? இதற்கெல்லாம் உங்கள் அறிவிப்புகளில் பதில் தேடினால் பெரும்பாலும் கிடைத்தது ஒரே வரிதான்: ‘தேவையின்றி வெளியே வராதீர்கள்.’

எது தேவை என்று யார் முடிவு செய்வது? தனியாக இருக்கும் ஒரு பெரியவரிடம் வாரத்துக்கு ஒருமுறை யாராவது போய்ப் பேசிவிட்டு வருவது தேவையா, இல்லையா?

ஊரடங்கே தப்பு என்று வாதாட நான் வரவில்லை. 2020 மார்ச்சில் தடுப்பூசி கிடையாது, பரிசோதனை வசதி போதாது, மருத்துவமனைகள் நிரம்பிக்கொண்டிருந்தன. கொஞ்ச காலம் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்ததில் நியாயம் இருந்தது. என் வருத்தம் அதற்கப்புறம் வந்த மாதங்களைப் பற்றியது. உலக சுகாதார நிறுவனம் அவசரநிலையை அறிவித்தது 2020 ஜனவரி 30-இல். விலக்கிக்கொண்டது 2023 மே 5-இல். மூன்றேகால் வருடம் மனிதர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பார்களா? பார்த்தார்கள். எப்படிப் பார்த்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒளிந்து ஒளிந்து பார்த்தார்கள். பல நாடுகளில் பூங்காவைப் பூட்டினீர்கள், விளையாட்டுத் திடலைச் சுற்றி நாடா கட்டினீர்கள். வெட்டவெளியில் நாலு பேர் நின்று பேசினால் போலீஸ் விரட்டியது. சரி, பேச்சு நின்றதா? வீட்டுக்குள் போனது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துப் புகார் செய்துவிடுவாரோ என்று கதவைச் சாத்தி, ஜன்னலை மூடி, திரையையும் இழுத்துவிட்டு உட்கார்ந்தார்கள். பேசவும் சிரிக்கவும் பல நாள் பாக்கி இருந்ததால் சீக்கிரம் எழுந்திருக்கவும் இல்லை. தொற்று பரவ இதைவிட வசதியான ஏற்பாட்டை யாராலும் செய்து கொடுத்திருக்க முடியாது.

இதில் பாதிப் பழி காற்றைப் பற்றி எங்களுக்குச் சொல்லாமல் விட்டதைச் சேரும். 2020 மார்ச் 10-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சேர்ந்திசைக் குழு ஒத்திகைக்குக் கூடியது. வாசலில் சானிடைசர் கொடுத்தார்கள்; வழக்கமான கட்டிப்பிடித்தலையும் கைகுலுக்கலையும் தவிர்த்தார்கள். அப்புறம் இரண்டரை மணி நேரம் கட்டிடத்துக்குள்ளேயே ஒத்திகை நடத்தினார்கள். வந்திருந்த 61 பேரில் 53 பேருக்குத் தொற்று வந்தது, இரண்டு பேர் இறந்துபோனார்கள். கைச் சுத்தத்தில் அவர்கள் குறை வைக்கவில்லை. ஆனாலும் அதே மாதம் 28-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் ‘கொரோனா காற்றில் பரவுவதில்லை’ என்று அடித்துச் சொன்னது. ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, காற்றைக் கவனியுங்கள் என்று எழுத வேண்டியிருந்தது.

அதுவரை நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? காய்கறியைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். வந்த பார்சலை வெயிலில் காயப்போட்டோம். லிஃப்ட் பொத்தானை முழங்கையால் அமுக்கிவிட்டு, அதே லிஃப்டில் ஆறு பேர் நெருக்கியடித்து நின்றோம். தொற்றுள்ள ஒரு பொருளைத் தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு 10,000-இல் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்னபோது 2021 ஏப்ரல் ஆகிவிட்டது. கை கழுவுவது நல்ல பழக்கம்தான், வேறு பல நோய்களைத் தடுக்கும். ஆனால் ஒருவருக்கு இருக்கிற கவனம் கொஞ்சம்தான். அதை எங்கே செலவழிக்க வேண்டும் என்று நீங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பேசும்போதும் மூச்சு விடும்போதும் வெளியே வருவது அறையில் சிகரெட் புகை பரவுகிற மாதிரி பரவும் என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும். மீதியை ஜனங்களே யோசித்துக்கொள்வார்கள். வெளியே உட்கார்ந்தால் கலைந்துவிடும். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தால் குறையும். சத்தம் போட்டுப் பேசினால், பாடினால் கூடும். மூடிய அறையில் ஆறடி தள்ளி உட்கார்ந்தாலும் இரண்டு மணி நேரத்தில் வந்து சேர்ந்துவிடும். மேஜை நடுவில் நிறுத்திய பிளாஸ்டிக் தட்டி எதிரே இருப்பவரின் எச்சில் தெறிக்காமல் காக்கும், அவ்வளவுதான். தெருவில் யாருமே இல்லாதபோது மாஸ்க்கை ஒழுங்காக மூக்குக்கு மேல் போட்டுக்கொண்டு நடப்பார்கள். தெரிந்தவர் எதிரே வந்தால், பேசுவதற்காக அதைத் தாடைக்கு இறக்கிவிடுவார்கள். பார்த்திருப்பீர்கள். மாஸ்க் போடு என்று சொன்னவர்கள், எதற்கு என்று சொல்லாததன் பலன் அது.

உருப்படியாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். ஜப்பானில் 2020 மார்ச்சிலேயே மூன்றைத் தவிர்க்கச் சொன்னார்கள்: காற்றோட்டம் இல்லாத இடம், கூட்டம் சேரும் இடம், நெருங்கி நின்று பேசும் சூழல். ஒரு சின்னப் பிள்ளைகூட மனப்பாடம் செய்துவிடலாம். நியூசிலாந்தில் ‘குமிழி’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒரு வீட்டார் ஒரு குமிழி, கட்டுப்பாடு தளர்ந்தபோது நெருங்கிய உறவினரையோ தனியாக இருப்பவரையோ அதில் சேர்த்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் 2020 ஜூனில் தனியாக வாழ்பவர்கள் இன்னொரு வீட்டாரோடு சேர்ந்துகொள்ள அனுமதி கிடைத்தது. நெதர்லாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம், தனியாக இருப்பவர்கள் உடல் நெருக்கத்துக்கு ஒருவரோடு மட்டும் பேசி வைத்துக்கொள்ளலாம் என்றுகூட அதே ஆண்டு மே மாதம் எழுதியது. கேட்டவர்கள் சிரித்தார்கள். எனக்கு மரியாதைதான் வந்தது. மனிதர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று தெரிந்து எழுதிய விதி அது.

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்க வேண்டும். ஜாக்கிரதையாக இருப்பதில் பெரிய சிரமம் மாஸ்க் இல்லை, வாய் திறந்து கேட்பது. ‘வீட்டில் யாருக்காவது சளி, இருமல் இருக்கிறதா?’ என்று விருந்துக்குக் கூப்பிட்டவரிடம் கேட்டுப் பாருங்கள். ‘ஏன், எங்களைப் பார்த்தா நோயாளி மாதிரி தெரியுதா?’ என்பார். ஜன்னலைத் திறக்கலாமா என்றால், ‘ஏசி ஓடுதே’. மாஸ்க்கைக் கழற்றாமல் உட்கார்ந்தால், ‘நம்ம வீட்டுலகூடவா?’ கடைசியில் சங்கடத்துக்குப் பயந்து கழற்றிப் பையில் வைத்துக்கொள்வார்கள். உறவு கெட்டுவிடும் என்ற பயம் கிருமியைப் பற்றிய பயத்தைவிடப் பெரியது. உறுப்பு மாற்று சிகிச்சை முடிந்தவர், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர் போன்றவர்களுக்கு இந்தச் சங்கடம் அவசரநிலை முடிந்த பிறகும் முடியவில்லை.

இங்கேதான் உங்கள் வார்த்தை உதவும். ‘சுகாதாரத் துறை சொல்லியிருக்கிறது, அதனால் கேட்கிறேன்’ என்று பழியை உங்கள் தலையில் போட வழி செய்து கொடுங்கள். கூப்பிடுகிறவர் அனுப்பும் செய்தியில் சேர்த்துக்கொள்ள இரண்டு வரி எழுதித் தாருங்கள்: ‘தொண்டைக் கரகரப்போ காய்ச்சலோ இருந்தால் வர வேண்டாம், தவறாக நினைக்க மாட்டோம். ஜன்னல்கள் திறந்திருக்கும். மாஸ்க் போட்டுக்கொள்ள விரும்புகிறவர்கள் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.’ கொரோனா அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே பரவக்கூடியது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால், ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்ற வாதம் அவ்வளவு எளிதாக எடுபட்டிருக்காது. விரைவுப் பரிசோதனையும் அப்படித்தான். தொற்று இருந்தாலும் ஆரம்பத்தில் இல்லை என்று காட்டலாம். 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தால் ஆமாம் என்று காட்டலாம். ‘தொற்று இல்லை’ என்று காட்டிய அந்த ஒற்றைக் கோட்டை நம்பி வயதானவர்களைப் பார்க்கப் போனவர்கள் எத்தனையோ பேர்.

பொது இடங்களின் காற்றுக்கு அளவுகோல் வையுங்கள். வெளிக்காற்றில் கரியமில வாயு 10 லட்சத்தில் சுமார் 420 பங்கு இருக்கும். ஆட்கள் அடைந்து கிடக்கும் மூடிய அறையில் அது சர்வ சாதாரணமாக 1,000-ஐத் தாண்டும். ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் எவ்வளவு இழுக்கிறார் என்பதற்கு அந்த எண் ஒரு நல்ல அடையாளம். பெல்ஜியத்தில் 2021-இல் உணவகங்களில் இதை அளக்கும் கருவி வைப்பதைக் கட்டாயமாக்கினார்கள். உள்ளே வருகிறவர் எண்ணைப் பார்த்துவிட்டு உட்காருவதா, கிளம்புவதா என்று தானே முடிவு செய்யலாம்.

கடைசியாக, ஒவ்வொரு விதிக்குக் கீழேயும் அதன் காரணத்தை ஒரு வரியிலும், அதை மறுபடி எப்போது பரிசீலிப்பீர்கள் என்ற தேதியையும் அச்சிடுங்கள். 2020 தொடக்கத்தில் பொதுமக்களுக்கு மாஸ்க் அவசியமில்லை என்ற அமைப்புகளே சில மாதங்களில் போடுங்கள் என்றன. புதுக் கிருமியைப் பற்றித் தெரியத் தெரிய விதி மாறத்தான் செய்யும். அப்படி மாறும்போது பழைய அறிவிப்பைச் சத்தமில்லாமல் எடுத்துவிடாதீர்கள். பழையதைப் பக்கத்திலேயே வைத்து, எது தெரிந்ததால் எது மாறியது என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அறிவிப்புகளை முழுதாகப் படிக்கிற ஒருவர்