அமுக்குவது பேயல்ல

ஆசிரியருக்கு,

தூக்கத்தில் நெஞ்சில் ஏதோ ஏறி உட்கார்ந்ததுபோல் மூச்சு முட்டினால், 'அமுக்குவான் பேய்' என்று மந்திரவாதியிடம் ஓடுகிறவர்கள் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். கனவு காணும் நேரத்தில் கை கால் அசையாதபடி மூளையே தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தப் பிடி விடுமுன் விழித்துவிட்டால் உடம்பு அசையாது. கனவில் வந்த உருவம் அறையிலேயே நிற்பதாகத் தெரியும். சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ தானாகச் சரியாகிவிடும். சரியாகத் தூங்காதவர்களுக்கு இது அதிகம்.

பயந்தவரைக் கேலி செய்யவே கூடாது, அவர் கண்டது அவருக்கு நிஜம். அந்தப் பயத்தைக் காசாக்குகிறவர்கள் மீதுதான் எனக்குக் கோபம். திருவல்லாவில் பிறந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், அமானுஷ்ய சக்தியை நிரூபிப்பவருக்கு 1 லட்சம் ரூபாய் அறிவித்தார். 1978-ல் அவர் இறக்கும்வரை யாரும் வெல்லவில்லை. இங்குள்ள அரசு ஆஸ்பத்திரிகளில் இந்த விளக்கத்தைத் தமிழிலும் எழுதி ஒட்ட வேண்டும்.

- ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்