பூக்காரம்மாவைக் கேட்டுவிட்டு வரைபடம் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வேலூர் நடைபாதைகளைப் பற்றி வாசகர்கள் எழுதும் கடிதங்களை உங்கள் பத்திரிகையில் விடாமல் படித்து வருகிறேன். ஆக்கிரமிப்பை அகற்றுங்கள், அகலப்படுத்துங்கள் என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். நான் சொல்ல வந்தது அதற்கும் முந்தைய வேலை. ஒரு தெருவுக்கு வரைபடம் போடும் முன், அங்கே யார் நடக்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள், எங்கே நின்று மூச்சு வாங்குகிறார்கள் என்று யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

முப்பத்தொரு வருடம் கட்டட வரைவாளராக இருந்தவன் நான். வீடு கொசப்பேட்டையில். இரண்டு வருடத்துக்கு முன் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் பிசியோதெரபிக்கு வீல்சேரில் தள்ளிக்கொண்டு போகிறேன். ஆட்டோ வைக்கலாம். ஆனால் தெருவில் நாலு முகத்தைப் பார்த்துக்கொண்டு போக அவளுக்கு ஆசை.

போன சித்திரையில் ஒருநாள், கால்வாய் மேல் போட்டிருக்கும் இரண்டு ஸ்லாப்புக்கு நடுவே வண்டியின் சின்ன முன்சக்கரம் இறங்கிவிட்டது. வண்டி முன்னால் சாய, அவள் மடியில் இருந்த ஃபைல் கீழே விழுந்து காகிதமெல்லாம் ரோட்டில் பறந்தது. பின்னால் பஸ் ஹாரன். நான் பதறிப்போய்த் தள்ளத் தள்ள, சக்கரம் இன்னும் ஆழமாக மாட்டியது. ஓரமாகக் கூடை வைத்திருந்த பூக்காரம்மா எழுந்து வந்து, சாக்கை நாலாய் மடித்து அந்தச் சந்தில் திணித்தார். “முன்னாடி தள்ளாதீங்கண்ணா. வண்டியத் திருப்பி, பெரிய சக்கரம் மொதல்ல ஏறுற மாதிரி பின்பக்கமா இழுங்க” என்றார். இழுத்தேன். ஏறிவிட்டது. “தினம் நாலு வண்டியாவது இங்க மாட்டுதுண்ணா” என்று சொல்லிவிட்டுப் பூக்கட்ட உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் விடியற்காலை டேப்போடு போனேன். ஸ்லாப் இடைவெளி இரண்டேகால் அங்குலம். கொஞ்சம் தள்ளி நடைபாதையின் உயரம் பதினோரு அங்குலம். சாலைகளுக்கு அளவும் தரமும் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட நெறிமுறை, நடைபாதை 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்கிறது. அதாவது ஆறு அங்குலம். தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது ஆறடி இருக்க வேண்டும். இங்கே மின்கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவே மிச்சம் இருப்பது இரண்டடி. எங்கள் வண்டியின் அகலமே இருபத்தாறு அங்குலம்.

சாய்தளத்தையும் சொல்ல வேண்டும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஒன்றரை அடிப் படிக்குப் பதினெட்டு அடி வேண்டும். நாங்கள் மாத்திரை வாங்கும் கடையில் நாலு அடியில் முடித்திருக்கிறார்கள். அதில் பைக் நிற்கிறது. நானும் என் காலத்தில் அப்படிப்பட்ட சாய்தளம் வரைந்து கொடுத்திருக்கிறேன். இடமில்லை என்றார்கள், குறுக்கினேன். இப்போது அதை நினைத்தால் மனசு உறுத்துகிறது.

சென்னையில் கட்டடக்கலை படிக்கும் என் அண்ணன் பேத்தியிடம் இதைச் சொன்னேன். டென்மார்க் கட்டடக் கலைஞர் யான் கேல் பற்றிச் சொன்னாள். உளவியல் படித்த தன் மனைவி இங்க்ரிட்டோடு 1965-ல் இத்தாலிக்குப் போய், ஊர்ச் சதுக்கங்களில் மக்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்கார்கிறார்கள் என்று மாதக்கணக்கில் பார்த்துக் குறித்தாராம். கோபன்ஹேகனில் 1962-ல் வாகனத்தை நிறுத்தி நடப்பதற்கென்று விட்ட ஒரு கடைத்தெருவிலும் அதே வேலையைச் செய்தாராம். பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. நோட்டும் பென்சிலும் பொறுமையும் போதும்.

இந்த வேலையை வேலூர் செய்யாமல் வேறு எந்த ஊர் செய்யும்? மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ல் விபத்தில் இரண்டு கால்களும் செயலிழந்த பிறகு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தது இந்த ஊரில்தான். கைகால் செயலிழந்தவர்களுக்காக 1966-ல் மறுவாழ்வு மையம் திறந்ததும் இங்கேதான். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கும் நோயாளிகள் இன்றைக்கும் நம்மை நம்பித்தான் வருகிறார்கள். எக்ஸ்ரே கவரைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு, மூடிய கடைப் படியில் உட்கார்ந்திருக்கும் அவர்களைத் தினம் பார்க்கிறேன். பக்கத்தில் குழாய் இல்லை, கழிப்பறை இல்லை.

சுற்றிலும் பாறை மலை. கத்திரி வெயிலில் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடும். இந்த ஊரில் நிழலும் ஒரு மருந்துதான். என் தாத்தா வீட்டுத் திண்ணையின் ஒரு கோடியில், தலை வைக்கத் தோதாகச் சுண்ணாம்பிலேயே சாய்வாகத் திண்டு கட்டியிருந்தது. வழிப்போக்கர் யாரும் கேட்காமலே படுப்பார்கள், எழுந்து போவார்கள். சாலை போட்டுப் போட்டு மேடாகிவிட்டது. அந்தத் திண்ணை இப்போது தெருமட்டத்துக்குக் கீழே கிடக்கிறது.

அந்தப் பூக்காரம்மா காலையில் தெருவின் கிழக்குப் பக்கம், உச்சி சாய்ந்ததும் மேற்குப் பக்கம் கூடையை நகர்த்துவார். எந்த மாதம் எத்தனை மணிக்கு நிழல் எங்கே விழும் என்பது அவருக்கு அத்துப்படி. இதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை.

வேலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் பொறியியல் கல்லூரி மாணவர்களையும் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன். ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் ஒரு வாரம், ஐப்பசி மழையில் ஒரு வாரம், விடிகாலை முதல் ராத்திரி வரை அங்கே இருங்கள். வீல்சேரில் வருபவர், பார்வையில்லாதவர், நிறைமாதக் கர்ப்பிணி, குழந்தையைத் தூக்கி வருபவர், குப்பை வண்டி தள்ளுபவர் என்று எல்லோருடனும் கூடவே நடந்து பாருங்கள். அவர்களுக்கு ஒருநாள் கூலியும் கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் அவர்கள் சொல்லித் தருவதும் வேலைதான். வரைந்ததைத் தெருவிலேயே சுண்ணாம்புக் கோடாகப் போட்டு, அவர்களை நடக்கச் சொல்லிப் பார்த்து, அப்புறம் கான்கிரீட் ஊற்றச் சொல்லுங்கள்.

யாராவது ஆரம்பித்தால் நானும் என் மனைவியும் வருகிறோம். டேப்பும் அளவெடுத்த நோட்டும் என்னிடம் இருக்கின்றன. செவ்வாய், வெள்ளி தவிர எந்த நாளும் காலை ஆறு மணிக்கே தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட வரைவாளர்,
கொசப்பேட்டை, வேலூர்.