முதல் கிட் அப்பத்தாவுக்கு

அன்புள்ள கயல்,

தூரத்துச் சொந்தங்களைத் தேட டிஎன்ஏ சோதனைக் கிட் வாங்கப் போவதாகச் சொன்னாய். ஒன்று போதாது, இரண்டாக வாங்கு. ஜூனில் அப்பத்தா டொரண்டோ வரும்போது முதல் கிட் அவருக்கு. ஒரு பேத்திக்குப் பாட்டியிடமிருந்து வருவது பொதுவாகக் கால் பங்குதான். உன்னிடம் தேய்ந்து மறைந்துபோன தூரத்துச் சொந்தம் அவருடைய மாதிரியில் தெளிவாகத் தெரியும்.

கிட்டில் எச்சில் பிடிக்கும் குப்பியா, கன்னத்தில் தேய்க்கும் குச்சியா என்று பார்த்து வாங்கு. இதை விற்கும் நிறுவனங்களில் ஆன்செஸ்ட்ரி குப்பி தருகிறது. மைஹெரிட்டேஜும் ஃபேமிலிட்ரீடிஎன்ஏவும் குச்சி. வயதானவர்களுக்கு வாய் வறண்டிருக்கும், சில மாத்திரைகளால் இன்னும் வறளும். அப்பத்தாவுக்குக் குச்சிதான் சரி. காலையில் எழுந்ததும், காபிக்கும் வெற்றிலைக்கும் முன்னால் எடுத்துவிடு. எதையாவது சாப்பிட்டுவிட்டால் வாய் கொப்பளித்து, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திரு. பல்செட்டைக் கழற்றிவிட்டு, கன்னத்தின் உள்பக்கம் ஒரு நிமிஷம் குச்சியைச் சுழற்றிச் சுழற்றி அழுத்தித் தேய்க்க வேண்டும். நமக்குத் தேவை அங்கிருந்து உரிந்து வரும் செல்கள். மேலோட்டமாகத் தடவினால் செல் போதாமல் மாதிரி தேறாது, மறுபடியும் எடுக்க வேண்டியிருக்கும்.

நீ குப்பி எடுத்தால், எச்சில் கோடு வரை நிற்க வேண்டும். நுரையைக் கணக்கில் சேர்க்காதே. மூடியில் இருக்கும் திரவம் உள்ளே இறங்கியதா என்று பார்த்துவிட்டுக் குலுக்கு. அது இறங்காவிட்டால் வழியிலேயே மாதிரி கெட்டுப்போகலாம். ஒரே நாளில் இருவருக்கும் எடுக்காதே. கிட் எண்ணும் பதிவு செய்த பெயரும் மாறிப்போனால் பாட்டி பேத்தியாகிவிடுவார்.

முடிவு வந்ததும் எல்லாரும் முதலில் பார்ப்பது எந்த வட்டாரத்து மரபு எவ்வளவு என்ற சதவீதத்தை. அதில் நேரத்தைச் செலவழிக்காதே. தங்களிடம் இருக்கும் ஒப்பீட்டு மாதிரிகளோடு உன்னுடையதைப் பொருத்திப் பார்த்து 'தென்னிந்தியா' என்று சொல்வார்கள். மாதிரிகள் கூடினால் எண்ணும் மாறும். நம் நாட்டில் இரண்டு பெரிய மூதாதைக் கூட்டங்கள் கலந்தது சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு என்று 2013-இல் வந்த ஆய்வு காட்டியது. ஹைதராபாத்தில் இருக்கும் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் விஞ்ஞானி தங்கராஜும் அதில் இருந்தார். அதன்பின் அவரவர் தங்கள் வட்டத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். நம்முடைய கதை அந்த வட்டத்துக்குள் இருக்கிறது, சதவீதத்தில் இல்லை.

பார்க்க வேண்டியது பொருத்தப் பட்டியல், அதாவது உன்னோடு டிஎன்ஏ பகிர்கிறவர்களின் பட்டியல். இருவர் எவ்வளவு பகிர்கிறார்கள் என்பதை சென்டிமார்கன் என்ற அளவில் தருவார்கள். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா பிள்ளைகள் என்றால் சராசரி 870 அளவில். அதற்கு அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்குள் சுமார் 230. ஆனால் இவை சொந்தத்தில் கல்யாணம் இல்லாத குடும்பங்களின் கணக்கு. நமக்கு அப்படியே பொருந்தாது.

நம் வீட்டையே எடுத்துக்கொள். உன் அப்பத்தா எனக்கு மாமியார் மட்டுமில்லை, என் அப்பாவோடு பிறந்த அத்தை. ஆக, உனக்கு அப்பா வழியில் பாட்டி, என் வழியில் தாத்தாவின் தங்கை. சாதாரணமாகப் பாட்டிக்கும் பேத்திக்கும் 1,750 வரும். உங்கள் இருவருக்கும் 2,200 பக்கம் வந்தால் பதறாதே. உன் மரபில் சராசரியாகப் பதினாறில் ஒரு பங்கு அளவுக்கு, அப்பாவிடமிருந்தும் என்னிடமிருந்தும் வந்தது ஒரே டிஎன்ஏ துண்டாக இருக்கும். சோதனை நிறுவனம் தரும் மூலத் தரவுக் கோப்பை ஜெட்மேட்ச் என்ற ஒப்பீட்டுத் தளத்தில் ஏற்றி, பெற்றோர் உறவினர்களா என்று கேட்கும் கருவியில் பார்த்தால் இது தெரியும்.

இதே காரணத்தால், பட்டியலில் ஒருவருக்கு 90 சென்டிமார்கன் என்று இருந்தால் உடனே நெருங்கிய சொந்தம் என்று எண்ணிவிடாதே. பகிரும் டிஎன்ஏ துண்டுகளில் மிக நீளமானது எவ்வளவு என்று பார். 8, 9, 10 என்று பல பொடித் துண்டுகள் சேர்ந்த 90 என்றால், பல தலைமுறை ஒரே வட்டத்துக்குள் கொண்டான் கொடுத்தான் உறவு நடந்ததன் படிவு அது. 40, 50 என்று இரண்டு நீளத் துண்டுகள் என்றால், சில தலைமுறைக்குள்ளேயே ஒரு பொது முன்னோர் இருக்க வாய்ப்பு அதிகம். பட்டியலில் உள்ள அந்த ஆளுக்குக் கட்டாயம் எழுது.

எழுதும்போது குடும்பப் பெயரைக் கேட்டுப் பயனில்லை, நமக்கு இருப்பது இனிஷியல்தானே. பூர்வீக ஊர், குலதெய்வம், பெண் எடுத்த ஊர்கள், இம்மூன்றையும் கேள். குலதெய்வம் ஒன்றாக இருந்தால் பங்காளி வழியா என்று பார்க்கலாம். அதை உறுதி செய்ய ஒய் குரோமோசோம் சோதனை வேண்டும். அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது அது. உன்னால் முடியாது, அப்பாவோ தம்பியோதான் கொடுக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. 2023-இல் 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ சோதனை நிறுவனத்தில் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் கசிந்தது. வேறு தளங்களில் திருடுபோன பாஸ்வேர்டையே இங்கேயும் வைத்திருந்தவர்களின் கணக்குகள் வழியாகத்தான் உள்ளே புகுந்தார்கள். 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனுவும் போட்டது. ஆகவே தனிப் பாஸ்வேர்டு வை, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடு. அப்பத்தா பெயரை முழுதாக எழுதாதே, ஆராய்ச்சிக்குச் சம்மதம் கேட்கும் கட்டத்தில் டிக் போடாதே. மூலத் தரவை இறக்கி உன் கணினியில் வைத்துக்கொள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அப்பத்தாவிடம் உட்கார்ந்து சொல். யாருக்கும் தெரியாத உறவும் இதில் வெளியே வரலாம், தெரிந்த உறவு இல்லை என்றும் ஆகலாம். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடு. சரி என்றால், அன்றைக்கே அவருடைய ஆத்தா பிறந்த ஊரையும் போனில் பதிவு செய். கிட் வந்ததும் உள்ளே இருப்பது குச்சியா குப்பியா என்று படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா